வழித்த இடத்தில் எரிவும் பருவும்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

சோளகக் காற்று எழும்பிவிட்டால் வன்னியில் தூசிக்கும் வியர்வைக்கும் குறைவிராது. அந்த மாதங்களில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் முகச்சவரத்தின் பின் உண்டாகும் எரிவு, பரு, கறுப்பு ஆகியவை பற்றிய கேள்விகளும் கூடிவிடுகின்றன. ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாக்கி, ஐந்து கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: வைத்தியர் ஐயாவுக்கு வணக்கம். நான் கிளிநொச்சியில் ஒரு தனியார் வங்கியில் வேலை செய்கிறேன். நாள்தோறும் முகம் வழித்துக்கொண்டுதான் போக வேண்டும். வழித்தவுடன் எரிவு, இரண்டாம் நாள் கழுத்திலும் தாடையின் கீழும் சிறு சிறு பருக்கள், சிலவற்றில் சீழும் வைக்கிறது. ஆறியபின் கறுப்புத் தழும்பு மிஞ்சுகிறது. விலை கூடிய ஐந்து பிளேட் றேசருக்கு மாறினேன், நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. எந்தக் கிறீமைப் பூசினால் இது போகும்?
– வாசகர், பரந்தன்

பதில்: எந்தக் கிறீம் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முதலில் தேவைப்படுவது கிறீம் அல்ல, வழிக்கும் முறையில் ஒரு மாற்றம். உங்கள் கடிதத்தில் இரண்டு வேறு வேறு தொல்லைகள் கலந்திருக்கின்றன. வழித்த சில நிமிடங்களில் தோல் சிவந்து எரிவது, தோலின் மேற்படை பிளேட்டினால் சுரண்டப்பட்டதன் விளைவு. அது பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். ஓரிரு நாள் கழித்துக் கழுத்தில் எழும்பும் பருக்களோ முகப்பரு அல்ல. வெட்டுப்பட்ட முடி திரும்பவும் தோலுக்குள் புகுந்துகொண்டதனால் உண்டாகும் வீக்கமே அது. சுருண்டு வளரும் இயல்புள்ள முடி உடையவர்களுக்கு இது மிகுதியாக வரும். கழுத்தில் முடி படுத்து வளைந்து வளர்வதனால் அங்கேதான் முதலில் தொடங்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்ததாகக் கொள்ளலாம். பல பிளேட் றேசரில் முதல் பிளேட் முடியைச் சற்று வெளியே இழுக்கிறது; முடி திரும்ப உள்ளே போவதற்குள் பின்னால் வரும் பிளேட் அதை வெட்டிவிடுகிறது. இதனால் முடியின் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து வழித்தாலும், முடி வளரும் திசைக்கு எதிராக வழித்தாலும் நடப்பது இதுதான். அப்படி வெட்டுப்பட்ட முடி, வேலிக்கு நடுவதற்குச் சீவிய கதியாலைப் போலக் கூர்நுனியோடு நிற்கிறது. அது மறுபடி வளரும்போது வெளியே வரும் வழியைத் தவறவிட்டுப் பக்கத்துத் தோலைக் குத்துகிறது, அல்லது வெளியே வந்து வளைந்து மீண்டும் தோலுக்குள் இறங்குகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கிறது. பருவும் வலியும் அந்த எதிர்ப்பின் வெளிப்பாடு. ஆகவே கன்னத்தைத் தடவிப் பார்த்து, இன்னும் சொரசொரக்கிறதே என்று அதே இடத்தை மறுபடி மறுபடி வழிப்பவர்தான் இந்த நோயைத் தன் கையாலேயே வளர்க்கிறார். விளம்பரங்கள் காட்டும் வழுவழுப்பு உங்கள் கழுத்துக்கு உரியதல்ல என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவர் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தால் போதும். விரலுக்குச் சிறிது சொரசொரப்பு மிஞ்சியே இருக்க வேண்டும்.

இப்போது உள்ள பருக்கள் ஆறுவதற்குச் சவரத்தை மூன்று நான்கு வாரங்களுக்கு முற்றாக நிறுத்துவதே சிறந்தது. முதல் வாரத்தில் சற்றுக் கூடுவது போலத் தெரியும். அதைக் கண்டு மனந்தளர வேண்டாம். முடி நீளமாக வளர, உள்ளே புகுந்திருந்த நுனிகள் தாமாகவே வெளியே வந்துவிடும். அலுவலகத்தில் தாடிக்கு இடமில்லை என்றால், உங்கள் வைத்தியரிடம் சுருக்கமான ஒரு மருத்துவக் கடிதம் பெற்று முகாமையாளரிடம் கொடுக்கலாம். அதுவும் இயலாவிட்டால், முடியை ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு விட்டு வெட்டும் மின்சாரக் கிளிப்பரைப் பயன்படுத்துங்கள். மிகவும் தொல்லைப்படுபவர்களுக்கு நான் நிரந்தரமாகச் சொல்வதும் இந்தக் கிளிப்பரைத்தான். தோலைத் தொடாமல் வெட்டும் கருவிக்கு ஈடான மருந்து எதுவும் எனக்குத் தெரியாது.

ஆறிய பின் மீண்டும் றேசரை எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. முதலில், உங்கள் முடி எந்தத் திசையில் வளர்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். இரண்டு நாள் வழிக்காமல் விட்டு, விரலால் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவும்போது வழுக்கிக்கொண்டு போகிறதோ அதுவே முடியின் திசை. கன்னத்தில் கீழ்நோக்கி இருக்கும் முடி, பலருக்குக் கழுத்தில் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ திரும்பியிருக்கும். அதை அறியாமல் முகம் முழுவதையும் மேலிருந்து கீழாக ஒரே போக்கில் வழிப்பவர்கள், கழுத்துக்கு வரும்போது எதிர்த்திசையில் வழிக்கிறார்கள்.

உலர்ந்த தாடி முடி பிளேட்டை எதிர்த்து நிற்கும். நீரை உறிஞ்சிய முடி எளிதில் அறுபடும். எனவே கிணற்றடியில் குளித்த கையோடு வழிப்பதே நல்லது. அது முடியாதபோது வெதுவெதுப்பான நீரில் நனைத்த துவாயை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வைத்திருங்கள். இங்கே தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வன்னியின் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது கல்சியம் மிகுந்த கடின நீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பதும் அதே கல்சியந்தான். அந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காமல், பிசுபிசுப்பான கசடாக மாறித் தோலில் ஒட்டிக்கொண்டு தோலை வறளச் செய்கிறது. குளிக்கும் சவர்க்காரத்தைத் தாடியில் உரைத்து வழிக்கும் நம்மவர்களின் எரிவுக்குப் பாதிக் காரணம் இதுவே என்று நான் நினைக்கிறேன். வாசனை குறைந்த சவரக் கிறீம் ஒன்றைப் பூசி, இரண்டு நிமிடம் ஊறவிட்டு வழியுங்கள். சேமித்து வைத்த மழைநீர் இருக்குமானால் முகத்துக்கு அதைப் பயன்படுத்துவது மேலும் நல்லது.

றேசர் ஒற்றைப் பிளேட் உள்ளதாக இருக்கட்டும். அழுத்தாமல், தோலை இழுக்காமல், சிறு சிறு இழுவைகளாக, முடியின் திசையிலேயே ஒரு முறை மட்டும் வழியுங்கள். ஒவ்வொரு இழுவைக்கும் பிறகு பிளேட்டைத் தண்ணீரில் அலசுங்கள். ஐந்து முதல் ஏழு சவரத்துக்கு மேல் ஒரு பிளேட்டை வைத்திருக்க வேண்டாம், இழுக்கிறது என்று தோன்றினால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். றேசரைக் குளியலறையின் ஈரத்தில் போடாமல் உலரும் இடத்தில் வையுங்கள். வழித்து முடிந்ததும் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைச் சில நிமிடம் ஒற்றி வைத்து, துவாயால் தேய்க்காமல் ஈரத்தை எடுத்து, வாசனை சேர்க்காத ஈரப்பதக் கிறீமை மெல்லியதாகப் பூசினால் போதும். எரிவு மிகுதியாக இருக்கும் நாளில் ஒரு வீத ஹைட்ரோகோட்டிசோன் கிறீமை இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் பூசலாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்கிறேன். பரந்தனிலிருந்து மோட்டார் சைக்கிளில்தானே வேலைக்குப் போகிறீர்கள்? புதிதாக வழித்த கழுத்தில் தலைக்கவசத்தின் பட்டி உராய்ந்தபடியே ஏ9 வீதியின் வெயிலில் போய், பிறகு நாள் முழுவதும் இறுக்கமான கொலருக்கும் கழுத்துப்பட்டிக்கும் உள்ளே அந்தக் கழுத்து வியர்த்துக்கொண்டிருந்தால் பரு வராமல் என்ன செய்யும்? சவரத்தை இரவுக்கு மாற்றிப் பாருங்கள். தோலுக்கு ஓர் இரவு முழுவதும் ஓய்வு கிடைக்கும். காலையில் யாரும் வித்தியாசம் காணமாட்டார்கள்.

தோலின் மேல் முடி வளையமாகத் தெரிந்தால், சுடுநீரில் கொதிக்கவைத்த ஊசியின் நுனியால் அந்த வளையத்தை மெல்ல நிமிர்த்திவிடலாம். தோலைக் கிண்டக் கூடாது, முடியைப் பிடுங்கவும் கூடாது. பிடுங்கிய முடி மீண்டும் வளரும்போது உள்ளேயே குத்தும். கறுப்புத் தழும்புகள் மாதக்கணக்கில்தான் மங்கும். நகம் படாமலும் வெயில் படாமலும் பார்த்துக்கொள்வதும், வெயிற்காப்புக் கிறீம் பூசுவதும் அதை விரைவுபடுத்தும். தழும்புகள் தடித்துப் புடைத்து வளருமானால் காலந்தாழ்த்தாமல் தோல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: முகம் வழித்த பிறகு கிருமி அண்டாமல் இருக்கத் தேசிக்காய்ப் பாதியைத் தேய்ப்பது எங்கள் வீட்டு வழக்கம். அண்மையில் அப்படித் தேய்த்துவிட்டு வயலுக்குப் போன எனக்கு, இரண்டு நாளில் கன்னத்தில் நெருப்புச் சுட்டது போலக் கொப்புளம் எழும்பி, இப்போது கபில நிறக் கோடுகளாக நிற்கிறது. இது ஏன்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தேசிக்காயில், குறிப்பாக அதன் தோலில், சூரிய ஒளி பட்டால் தோலைச் சுட்டுவிடும் இயற்கை இரசாயனங்கள் இருக்கின்றன. சாறு பூசி வெயிலில் நின்றால் ஓரிரு நாளில் சிவப்பும் கொப்புளமும் தோன்றும். சாறு வழிந்த இடமெல்லாம் கோடு கோடாகக் கறுக்கும். உங்கள் கன்னத்தில் உள்ள கோடுகள் சாறு ஓடிய பாதையைக் காட்டுகின்றன. வாரங்கள், சிலருக்கு மாதங்கள் சென்று அது தானாக மறையும். அதுவரை வெயில் படாமல் பாருங்கள், வெளுக்கவைக்கும் கிறீம் எதையும் வாங்கிப் பூச வேண்டாம். இனித் தேசிக்காயைச் சாப்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எரிந்தால்தான் கிருமி சாகும் என்ற எண்ணத்தில் ஓடிக்கொலோனையும், தண்ணீர் கலக்காத டெற்றோலையும் முகத்தில் தேய்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அவை சுரண்டுபட்ட தோலை மேலும் புண்ணாக்கும். கற்றாழை பூச விரும்புபவர்கள், வெட்டிய மடலிலிருந்து வடியும் மஞ்சள் பாலை முழுவதுமாகக் கழுவி நீக்கிவிட்டு, உள்ளே உள்ள தெளிந்த சோற்றை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பால் தோலில் கடியை, அதாவது அரிப்பை, உண்டாக்கக்கூடியது.

கேள்வி: எனக்கு வயது 52. மாடு வளர்க்கிறேன். சவரத்தால் வந்த புண் என்று நினைத்துப் பாமசியில் கேட்டு ஒரு ரியூப் வாங்கிப் பூசினேன். ஒரு கிழமையில் குறைந்தது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகப் படர்ந்துவிட்டது. தாடையின் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சீழ் கட்டியிருக்கிறது. அந்த இடத்து முடி தொட்டாலே கையோடு வருகிறது.
– வாசகர், துணுக்காய்

பதில்: ஐயா, நீங்கள் இந்த இதழை மூடி வைத்துவிட்டு இந்தக் கிழமைக்குள்ளேயே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சவரத்தால் வரும் பரு தாடையின் இரு பக்கமும் சிதறிக் கிடக்கும். ஒரு பக்கம் மட்டும் தடித்து வீங்கி, முடி வலியில்லாமல் கழன்று வந்தால் முதலில் நினைக்க வேண்டியது தாடியில் வரும் படர்தாமரையை. கால்நடைகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஒரு வகைப் பூஞ்சணம் இதை உண்டாக்குவதுண்டு. உங்கள் கன்றுகளின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் வெள்ளையாக, பொருக்குத் தட்டி, முடி உதிர்ந்த வட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கால்நடை வைத்தியரிடமும் கன்றுகளைக் காட்டுங்கள்.

இந்த நோய் முடியின் வேர்வரை இறங்கியிருப்பதனால் பூசும் மருந்து மட்டும் போதாது. பல வாரங்களுக்கு மாத்திரை விழுங்க வேண்டிவரும். நீங்கள் வாங்கிய ரியூப்பின் பெயரை எழுதவில்லை. ஆனால் முதலில் குறைந்து பிறகு பெருகியது என்ற கதையைக் கேட்டவுடன், அதில் பீற்றாமெதசோன் அல்லது குளோபெற்றசோல் போன்ற வலுவான ஸ்ரீரொயிட் இருந்திருக்கும் என்றே ஊகிக்கிறேன். ஸ்ரீரொயிட்டும் பூஞ்சண மருந்தும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் கலந்த ரியூப்புகள் பலவற்றில் அது இருக்கிறது. அது சிவப்பையும் கடியையும் அமர்த்தி, நோய் குணமானது போலக் காட்டும். அடியில் பூஞ்சணம் தடையில்லாமல் பரவும். முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, சிவந்த நாளங்கள் தெரியத் தொடங்கும். புதிதாகப் பருவும் வரும். எந்தக் கடிக்கும் ஒரே ரியூப் என்று பாமசியில் கை நீட்டும் பழக்கம் நம் பகுதியில் வேரூன்றிவிட்டது. வாங்குபவர் நோயின் பெயரைச் சொல்லாமல் மருந்தைக் கேட்கிறார், விற்பவரும் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார். வைத்தியசாலைக்குப் போகும்போது அந்த ரியூப்பையும் கையோடு கொண்டு போங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால், தேவைப்பட்டால் அங்கிருந்து தோல் நோய்க் கிளினிக்குக்கு அனுப்புவார்கள்; கட்டணம் எதுவும் இல்லை. நோய் ஆறும்வரை சவரம் வேண்டாம், உங்கள் துவாயையும் தலையணை உறையையும் வேறு எவரும் பயன்படுத்தவும் வேண்டாம்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியை. அக்குளில் முடி நீக்கிய பிறகு எரிவும் சிறு கட்டிகளும் வருகின்றன. அந்த இடம் கறுத்தும் போய்விட்டது. வழிப்பதால்தான் முடி தடிப்பாக வளர்கிறது என்றும் சொல்கிறார்கள். கிறீமால் நீக்கலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: வழிப்பதால் முடி தடிக்காது. இயல்பாக நுனி மெலிந்திருக்கும் முடி குறுக்கே வெட்டுப்பட்டு மொட்டையாக வளர்வதனால் தடித்ததுபோலக் கைக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அக்குளில் முடி ஒரே திசையில் வளர்வதில்லை; மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் என்று திரும்பியிருக்கும். ஆகையால் பகுதி பகுதியாகத் திசை பார்த்து வழிக்க வேண்டும். இரவில், குளித்த பின் வழியுங்கள். வாசனைத் திரவியத்தையும் வியர்வை அடக்கியையும் அடுத்த நாள் காலைவரை தள்ளி வையுங்கள். இறுக்கமான சட்டைக் கையின் உராய்வும் இதைக் கூட்டும். வீட்டுக்கு வந்ததும் தளர்வான பருத்தி உடைக்கு மாறுங்கள்.

முடி நீக்கும் கிறீம்கள் முடியைக் கரைப்பவை; தோலையும் ஓரளவு தாக்கக்கூடியவை. முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெட்டியில் எழுதிய நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் விட வேண்டாம், புண் இருக்கும்போது பூசவே வேண்டாம். கறுப்பைப் பற்றி ஒன்று. தோல் வெறுமனே கறுத்திருந்தால் எரிவு அடங்க அதுவும் மெல்ல மங்கும். ஆனால் தொட்டால் வெல்வெற் துணி போலத் தடிப்பாக இருந்து, கழுத்தின் பின்புறமும் அவ்வாறே கறுத்திருந்தால், அது சவரத்தால் வந்ததல்ல. நீரிழிவு வருவதற்கு முன் தோல் தரும் அறிகுறியாக இருக்கலாம். இரத்தத்தில் சீனியின் அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கட்டிகள் ஆழமாக, வலியுடன், திரும்பத் திரும்ப அதே இடத்தில் வந்து சீழ் வடியுமானாலும் கிளினிக்கில் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் அந்தியேட்டி வரைக்கும் தாடி வளர்த்துவிட்டு அன்று சலூனில் போய் எடுத்தேன். முகம் முழுவதும் கீறல்; இரத்தமும் வந்தது. அதே சீனாக்காரக் கல்லைத்தான் எனக்கு முன் இருந்தவருக்கும் தேய்த்தார்கள். இதனால் நோய் வருமா? என் மகனுக்கும் இப்போது பதினேழு வயது. என் றேசரைத்தான் எடுக்கிறான்.
– வாசகர், நெடுங்கேணி

பதில்: ஒரு மாதத் தாடியில் நேரே பிளேட்டை வைப்பது தவறு. முதலில் கத்தரிக்கோலாலோ கிளிப்பராலோ ஒட்ட வெட்டி, நன்றாக நனைத்து ஊறவைத்த பிறகே வழிக்க வேண்டும். நீள முடி பிளேட்டில் சிக்கித் தோலையும் சேர்த்து இழுக்கும்.

சீனாக்காரம் தோலைச் சுருங்கச் செய்து சிறு காயத்தின் இரத்தத்தை நிறுத்தும், அதில் தவறில்லை. ஒருவருடைய காயத்தில் பட்ட கல்லை இன்னொருவருடைய காயத்தில் வைப்பதுதான் தவறு. ஈரலைத் தாக்கும் ஹெப்பற்றைற்றிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத்திலும்கூட, குறைந்தது ஏழு நாள் தொற்றும் வல்லமையோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் போதும். ஒரே ஒரு முறை கல் பட்டதால் உங்களுக்கு நோய் வந்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் மனம் கேட்காவிட்டால் வைத்தியரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனைக்கும், முன்பு ஏற்றியிராவிட்டால் தடுப்பூசிக்கும் ஆலோசனை பெறுங்கள். உங்கள் மகனுக்குத் தனி றேசர் வாங்கிக் கொடுங்கள். அப்பாவும் மகனும் ஆனாலும் றேசர் பொதுவாக இருக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதே வைரஸ்தான். அவனுக்கு முகப்பரு இருந்தால் பருவின் மேல் பிளேட்டை ஓட்டாமல் சுற்றி வழிக்கச் சொல்லுங்கள்.

சலூனில் நாற்காலியில் அமர்ந்தவுடன், உறையைப் பிரித்துப் புதிய பிளேட்டை முறித்துக் கத்தியில் செருகுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். உங்களுக்கு முன் இருந்தவரின் பாதி பிளேட் கத்தியிலேயே இருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நல்ல தொழிலாளி கோபிக்கமாட்டார். கல்லுக்குப் பதிலாகத் தூளாக்கிய சீனாக்காரத்தைச் சுத்தமான பஞ்சில் தொட்டு வைக்கச் சொல்லலாம். அல்லது சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தாலே சிறு கீறல் நின்றுவிடும். எத்தனை முறை சொல்லியும் ஒரே பிளேட்டால் பலருக்கு வழிக்கும் கடை என்றால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள்.